ஆட்டுக்குட்டி வாங்காமல் கம்ப்யூட்டர் கடை வைத்த கதை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், தொழில் செய்யும் உறுப்பினர்கள் அனுபவம் பகிர்ந்த நிகழ்ச்சியில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்தில் வட்டமா உட்கார்ந்து பேசுறதுதான் தெரியும். அதனால இதையும் ஒரு குழுக் கூட்டமா நினைச்சுப் பேசுறேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. திண்டுக்கல் பக்கத்தில் எங்க ஊர் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு சின்னக் கடை வச்சிருக்கேன். பழைய லேப்டாப்புகளை வாங்கி, சரி பண்ணி, அதில் லினக்ஸ் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு விக்கிறேன். "அதெல்லாம் படிச்ச பசங்க வேலையாச்சே, நீ எப்படி?" என்று கேட்காத ஆள் இல்லை. எப்படி என்று சொல்கிறேன். கூடவே நான் செய்த ஒரு பெரிய தப்பையும் சொல்கிறேன். தொழில் ஆரம்பிக்கப் போற தங்கச்சிகளுக்கு அதுதான் அதிகமா உதவும்.

2020-ல் பள்ளிக்கூடம் மூடியிருந்த சமயம். என் மகளுக்குப் போனில்தான் பாடம். ஒரு போனை வச்சுக்கிட்டு வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் தினமும் சண்டை. அப்போ என் நாத்தனார் மகன், அரசாங்கம் பிளஸ் டூவில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியை எடுத்துட்டு வந்தான். அது ஆமை மாதிரி நகரும். திறந்து வச்சிட்டு உலை வச்சு இறக்கிட்டு வரலாம். "தூக்கிப் போடுடா"ன்னு சொன்னேன். "போடாதீங்க அத்தை, இதுக்கு உயிர் இருக்கு"ன்னு சொல்லிட்டு, ஒரு பென் டிரைவைச் சொருகி, அரை மணி நேரத்தில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அதே லேப்டாப்தான், ஆனா ஓட ஆரம்பிச்சது. மக படிச்சு முடிச்ச பிறகு ராத்திரியில் நான் உட்கார்ந்து எங்க குழுவோட சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கை அதில் ஏத்திப் பழகினேன். லிப்ரே ஆபிஸ் என்று அதில் இருக்கு. கூட்டல் எல்லாம் அதுவே போட்டுடும்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு சம்பவம். எங்க ஊராட்சிக் கூட்டமைப்பு கணக்காளர் அக்கா, மூணு மாசக் கணக்கைப் பென் டிரைவில் போட்டு, பிரிண்ட் எடுக்க டவுனில் ஒரு கடைக்குப் போனாங்க. அங்க இருந்த கம்ப்யூட்டரில் வைரஸ். சொருகி எடுத்ததும் ஒரு ஃபைலும் இல்லை. எல்லாம் ஷார்ட்கட்டா மாறிக் கிடக்கு. மறுநாள் தணிக்கை. அக்கா அழுதுகிட்டே எங்க வீட்டுக்கு வந்தாங்க. எனக்கும் ஒண்ணும் தெரியாது. சும்மா அந்த லினக்ஸ் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன். பேரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரிஞ்சது. திறந்தா, மூணு மாசக் கணக்கும் உள்ளே பத்திரமா இருக்கு. அந்த வைரஸ் ஃபைலை அழிக்கலை, விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு மட்டும் வச்சிருக்கு. லினக்ஸ் அந்த ஒளிவு மறைவைக் கண்டுக்கிறதில்லை. என் கெட்டிக்காரத்தனம் அதில் ஒண்ணும் இல்லை. ஆனா அன்னைக்குத்தான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இது ஆகும் போலிருக்கே என்று.

இந்த லினக்ஸ் என்னன்னு கேட்டா, நம்ம குழு நோட்டை நினைச்சுக்கோங்க. கூட்டத்தில் நோட்டை நடுவில் விரிச்சு வைக்கிறோம். எந்த உறுப்பினரும் எடுத்துப் பார்க்கலாம், தப்பு இருந்தா சொல்லலாம், பக்கத்து ஊர்க் குழு வந்து நம்ம முறையைப் பார்த்து அதே மாதிரி எழுதிக்கலாம். கந்துவட்டிக்காரர் நோட்டு அப்படி இல்லை. அவர் மட்டும்தான் பார்ப்பார். சாஃப்ட்வேரிலும் இந்த 2 வகையும் உண்டு. எப்படி எழுதினார்கள் என்பதை எல்லோருக்கும் திறந்து காட்டுவதைத் திறமூல மென்பொருள் என்கிறார்கள். அதை யாரும் பயன்படுத்தலாம், பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாத்தி எழுதலாம். சட்டப்படி குற்றமில்லை. லினக்ஸை 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பிச்சார். பிறகு உலகம் பூரா ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்த்தாங்க. உங்க மடியில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயும் இருப்பது லினக்ஸ்தான். நமக்குப் பக்கத்தில் கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைங்க இதில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறாங்க. நம்ம அரசு கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று ஒண்ணு சேர்ந்தே வந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் செய்தது. நம்ம பிள்ளைங்கள்ல நிறையப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கலை.

சரி, கடைக்கு வருவோம். 2022 கடைசியில் எங்க குழுவில் 75,000 ரூபாய் கடன் கேட்டேன். அன்னைக்கு நடந்த கூட்டத்தை மறக்க முடியாது. ஒரு சித்தி எழுந்து, "ஆட்டுக்குட்டி வாங்கினா குட்டி போடும். இது என்னத்தைப் போடும்?" என்று கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா அந்தக் கேள்வி சரியான கேள்வி. அந்தப் பணம் 12 பேரோட வாராந்திரச் சேமிப்பு. அப்போ கணக்காளர் அக்கா எழுந்து பென் டிரைவ் கதையைச் சொன்னாங்க. நூத்துக்கு 1 ரூபாய் வட்டி, 24 தவணை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அந்தப் பணம் எங்க போச்சுன்னு சொல்றேன். சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் 5, ஒண்ணு 9,500 வீதம் 47,500 ரூபாய். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. என்ற புது டிஸ்க் போட, ஒண்ணு 1,500 வீதம் 7,500. கடை அட்வான்ஸ் 6,000. ஸ்க்ரூ டிரைவர் செட், பென் டிரைவ், வயரிங், மேஜை எல்லாம் சேர்த்து 6,000. போக்குவரத்து 3,000. மிச்சம் 5,000 கையில் வச்சுக்கிட்டேன். உத்யம் பதிவு ஆன்லைனில் செஞ்சேன். அதுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க.

பெரிய ஆபிஸ்களில் 4, 5 வருஷம் ஓட்டிட்டுக் கழிச்சுப் போடுற லேப்டாப்புதான் இந்த வியாபாரத்துக்குச் சரக்கு. உடம்பு நல்ல கெட்டியா இருக்கும். சாஃப்ட்வேர்தான் கனமாகிப் போயிருக்கும். வாங்கும்போது ஏமாறாமல் இருக்க நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். லினக்ஸ் பென் டிரைவைக் கையோடு கொண்டு போகணும். டிஸ்க்கில் ஏத்தாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். சேலைக் கடையில் மேலே போட்டுப் பார்க்கிற மாதிரி. வைஃபை, கேமரா, சத்தம், ஒவ்வொரு பட்டன், எல்லாம் பார்க்கணும். மூடி திறக்கிற கீல் ஆடுதா, திரையில் புள்ளி இருக்கா, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குது என்று பார்க்கணும். நான் முதல் தடவை வாங்கின அஞ்சில் ஒண்ணு, ஆன் பண்ணினதும் பாஸ்வேர்டு கேட்டது. அந்த ஆபிஸ்காரங்க போட்ட பூட்டு. அதை மாத்திக் கொண்டு வர இன்னொரு தடவை சென்னை போக வேண்டியதாச்சு. அப்புறம் முக்கியமா, சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாம எதையும் வாங்கக் கூடாது. திருட்டுப் பொருளா இருந்தா பதில் சொல்ல வேண்டியது நாமதான்.

இப்போ அந்தத் தப்பு. 2023 தை மாசம் கடை திறந்தேன். நாலாம் நாளே முதல் வியாபாரம். நம்ம கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு அக்கா, வீட்டுக்காரரோட உரக்கடைக் கணக்குக்கு என்று 13,500 ரூபாய் எண்ணி வச்சு வாங்கிட்டுப் போனாங்க. எனக்குக் கால் தரையில் நிக்கலை. இருபது நாள் கழிச்சு, சந்தை நாள், கடை முன்னாடி பத்துப் பேர் நிக்கிறப்போ அந்த அக்கா லேப்டாப்போடு வந்தாங்க. "இதில் டேலி ஓடலை. ஆடிட்டர் டேலியில்தான் கேக்கறார். நம்ம குழுக்காரின்னு நம்பித்தானே வாங்கினேன், நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டாங்க. சத்தம் போட்டுத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அவங்க மெதுவாத்தான் கேட்டாங்க.

டேலி விண்டோஸுக்கு என்று செய்த சாஃப்ட்வேர். அது எனக்குத் தெரியும். எதுக்கு வாங்கறீங்கன்னு நான் கேட்கலை, அவ்வளவுதான். முதல் வியாபாரம் கை நழுவிடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன் என்றுதான் உண்மையைச் சொல்லணும். அந்த 13,500-ல் பாதி தவணைக்கும் வாடகைக்கும் போயிருந்தது. தோட்டைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வச்சு, மறுநாள் காலையில் அவங்க வீட்டுக்கே போய் முழுப் பணத்தையும் கொடுத்தேன். வீட்டுக்காரர், "வித்த பொருளை எதுக்குத் திரும்ப வாங்கறே?"ன்னு கோவிச்சார். நான் சொன்னேன், "டவுன் கடைக்காரனுக்கு நாளைக்கு வேற ஆள் வருவாங்க. எனக்கு வரப்போறது இதே ஆளுங்கதான். வாரா வாரம் எதிரே உட்காரணும்."

அன்னைக்கு ராத்திரி மகளோட சிலேட்டில் 5 கேள்வி எழுதினேன். இன்னைக்கும் என் மேஜைக்கு மேலே அது தொங்குது. யார் வந்தாலும் விலையைச் சொல்லும் முன்னாடி அதைக் கேட்கிறேன்.

ஒண்ணு, யாருக்கு, எந்த வேலைக்கு? பிள்ளைகள் படிப்பு, கடிதம், கணக்கு, இன்டர்நெட், வீடியோ என்றால் தாராளமா வாங்கலாம்.

ரெண்டு, டேலி, போட்டோஷாப் மாதிரி குறிப்பிட்ட சாஃப்ட்வேர் கட்டாயம் வேணுமா? வேணும் என்றால் லினக்ஸ் வேண்டாம் என்று நானே சொல்லிடுவேன்.

மூணு, வீட்டில் இருக்கிற பிரிண்டர் என்ன மாடல்? பல மாடல் சொருகினதும் வேலை செய்யும், சிலது மக்கர் பண்ணும். பிரிண்டரைக் கடைக்கே கொண்டு வரச் சொல்லி ஓட்டிக் காட்டிட்டுத்தான் காசு வாங்குவேன்.

நாலு, கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து வச்சுச் செய்யுற வேலையா? வங்கிச் சேவை முகவரா இருக்கிற தங்கச்சிகள் இதைக் கவனிக்கணும். அந்தக் கருவிகளுக்கான சாஃப்ட்வேர் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருது.

அஞ்சு, பழைய தமிழ் ஃபைல் எந்த எழுத்துருவில் இருக்கு? வானவில், பாமினி என்றால் அப்படியே திறந்தா எழுத்து கொத்துக் கொத்தா வேற மாதிரி தெரியும். யூனிகோடுக்கு மாத்திக் கொடுக்கணும். புதுசா அடிக்கிறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அரசு 1999-ல் அங்கீகரிச்ச தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலேயே இருக்கு.

இந்தச் சிலேட்டால் வியாபாரம் போச்சா என்றால், முதலில் போச்சு. இன்னொரு பக்கம் பசங்க வந்து, "அக்கா, டவுனில் 300 ரூபாய்க்கு விண்டோஸ் போட்டுத் தர்றாங்க, நீங்களும் போட்டுத் தாங்க"ன்னு கேட்பாங்க. அது திருட்டுக் காப்பி. பூட்டை உடைக்கிற சாஃப்ட்வேரை ஏத்தித்தான் அதை ஓட்டறாங்க. அந்தப் பூட்டு உடைக்கிறதுக்குள்ளேயே வைரஸ் ஒளிஞ்சு வரும். கணக்காளர் அக்கா அழுதது என் கண்ணிலேயே நிக்குது. நான் போட மாட்டேன்னுட்டேன். ஒரிஜினல் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கணும் என்றால் பல ஆயிரம் ஆகும். பழைய லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் வந்துடும். மாசி, பங்குனி, சித்திரை, மூணு மாசமும் சேர்த்து 2 லேப்டாப்தான் வித்தேன். தவணை, முதல் மாசம் 3,875 ரூபாய். பால் காசையும் வீட்டுக்காரர் கூலியையும் போட்டுக் கட்டினேன். ஒரு தவணையும் தவறலை. ஆனா சில நாள், ஆட்டுக்குட்டியே வாங்கியிருக்கலாமோன்னு நினைச்சதுண்டு.

வைகாசியில் எங்க ஊராட்சிக் கூட்டமைப்பு ஒண்ணு வாங்கினாங்க. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் பிள்ளைகளுக்காக 4 பேர் வாங்கினாங்க. அவங்க சொல்லி மற்றவங்க வந்தாங்க. நான் ஒரு ரூபாய்க்கு விளம்பரம் செய்யலை. "அவ கடையில் உனக்கு இது ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிடுவா" என்ற பேச்சுதான் விளம்பரம். உரக்கடை அக்காவுக்கும் பிறகு ஒரு வழி செஞ்சேன். ஆபிஸிலிருந்து வர்ற லேப்டாப் சிலதில் ஒரிஜினல் விண்டோஸ் உரிமம் உள்ளேயே பதிஞ்சிருக்கும். அதை அழிக்காம அப்படியே வச்சிருந்து, டேலி வேணும்கிறவங்களுக்குக் கொடுக்கிறேன். அவங்களுக்குக் கொடுத்தது அந்த மாதிரி ஒண்ணு. இப்போ எனக்கு ஆள் அனுப்புறதே அவங்கதான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கம்பெனி கொடுத்துட்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்னுபோச்சு. பழைய கம்ப்யூட்டர் நிறைய விண்டோஸ் 11-ஐ ஏத்துக்காது. "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமாமே"ன்னு நிறையப் பேர் கவலையோடு வர்றாங்க. லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போட்டா 4 ஜி.பி. ராம் உள்ளதும் நல்லா ஓடும். முதலில் அவங்க போட்டோ, கணக்கு எல்லாத்தையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வச்சு, அவங்க கண்ணாலேயே பார்த்த பிறகுதான் மாத்துவேன். சாஃப்ட்வேருக்குக் காசு இல்லை, என் வேலைக்கு 500 ரூபாய்.

எங்க பக்கத்துச் சிறுதானிய மாவுக் குழு, பாக்கெட் லேபிளை அவங்களே இன்க்ஸ்கேப்பில் வரைஞ்சு அச்சுக்குக் கொடுக்கிறாங்க. முன்னாடி ஒவ்வொரு மாத்தத்துக்கும் டிசைன்காரர்கிட்ட நடையா நடந்தாங்க. சின்னப் பிள்ளைகள் ஜிகாம்ப்ரி விளையாட்டில் எண்ணும் எழுத்தும் படிக்கிறாங்க. லிப்ரே ஆபிஸ் மெனுவைத் தமிழிலேயே மாத்திக்கலாம். அப்படித் தமிழில் பார்த்ததும் ஒரு அத்தை, "இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்?" என்றாங்க.

வருமானத்தை மறைக்காமச் சொல்றேன். ஒரு லேப்டாப்பில் 2,000 முதல் 2,500 நிக்கும். நல்ல மாசம் 4, 5 விக்கும், சில மாசம் ஒண்ணுதான். சர்வீஸ் வேலையும் சேர்த்து, நல்ல மாசத்தில் வாடகை, கரண்டு போக 9,000, 10,000 நிக்குது. கோடீஸ்வரி ஆகலை. ஆனா கடன் முழுசும் 24 தவணையில் தீர்ந்தது. தோடு காதுக்குத் திரும்பிடுச்சு. சனி, ஞாயிறில் நம்ம உறுப்பினர் மகள்கள் 2 பேர் கடைக்கு வந்து வேலை பழகுறாங்க. கழட்டி மாட்டறதில் என்னைவிட அவங்க கை வேகம்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பிலும் கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கு. அதில் திருட்டுக் காப்பி இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. கணக்கை ரெண்டு இடத்தில் பிரதி எடுத்து வைங்க. அதை என் கடைக்கு வந்துதான் செய்யணும்னு இல்லை. எங்க வேணும்னாலும் செய்யுங்க, ஆனா செய்யுங்க.

தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு உங்க குழுவில் யாராவது ஒருத்தி புதுசா ஒரு தொழிலுக்குக் கடன் கேட்டு நிப்பா. "பொம்பளைக்கு எதுக்கு இது?"ன்னு மட்டும் கேட்காதீங்க. அந்தச் சித்தி கேட்ட மாதிரி, "இது என்னத்தைப் போடும்?"னு கேளுங்க. "யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?"ன்னு கேளுங்க. ரெண்டுக்கும் அவ பதில் சொல்லிட்டா, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.

அந்தச் சித்தியும் இப்போ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. போன மாசம் பேத்திக்கு என்கிட்டத்தான் லேப்டாப் வாங்கினாங்க. 5 கேள்வியும் கேட்டுட்டுத்தான் கொடுத்தேன் சித்தி.